மழையின் பிரதி

நீலகிரியின் தேவாலாவில் எடுக்கப்பட்ட வீட்டு வீடியோ ஒன்றைக் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றித் திரையில் ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது முகங்களைத்தான். முகங்கள் அகப்பட்டுவிட்டால் மனம் நிறைந்து, பிரதி நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு குரலாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. இறந்துபோன தாயின் நெற்றியும், கல்யாணத்துக்கு முந்தைய நாளில் வெட்கப்பட்டு ஒதுங்கும் தங்கையும், அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த குழந்தையும் மறுபடி கண்முன் வருவதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பவர்களிடம் வாதாட எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த முகங்களுக்குப் பின்னால் பெய்துகொண்டிருந்த மழை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லையே என்ற சங்கடம் சில காலமாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. கேசட்டில் அந்த மழை இருந்தது. தகரக் கூரையின் விளிம்பில் திரண்டு, ஒரு கணம் தொங்கி, பிறகு அறுந்து விழுந்த துளிகளைக் கண் பின்தொடர முடிந்தது. அதற்கும் அப்பால் தேயிலைச் சரிவின் மேல் மூடுபனி இறங்கியதும் விலகியதும் தெரிந்தது. டிவிடி தட்டில் அதே இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் நெளிகின்றன. மூடுபனி சிறுகச் சிறுகக் கரைவதை விட்டுவிட்டு, விளிம்பு தெரியும் பட்டைகளாகப் பிரிந்து நிற்கிறது. முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் மற்றவை போனது தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் இடங்களைச் சொல்லும்போது வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறோடு சேர்த்துத் தேவாலாவின் பெயரையும் சொல்வது வழக்கம். வானிலை அறிக்கையில் அது ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு. இங்கே வாழ்கிறவர்களுக்கோ அது ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி கழியும்வரை உலர மறுக்கும் துணி, அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும் பள்ளிச் சீருடை, பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் பூஞ்சை வாசனை. இந்த ஊரில் ஒருவரைப் படம் பிடிப்பது என்றால் பெரும்பாலும் மழையோடு சேர்த்துப் பிடிப்பதுதான். அதிலும், பிடிக்கப்பட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நினைத்தால் இந்த விஷயம் மேலும் கனக்கிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேர் அங்கேயே இருப்பதென்றும் தலைகளை எண்ணிப் பிரித்தபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்த அக்காள் அக்கரையிலும் தங்கை இக்கரையிலுமாக ஆனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, அவர்களுடைய மறுவாழ்வுக்கென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், இன்று டான்டீ என்று நாம் அழைக்கும் தோட்டங்களில், கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தவர்களின் வீடுகளில் பழைய படங்கள் அதிகம் இல்லை. பயண ஆவணத்துக்காக எடுத்த புகைப்படம் ஒன்று, ஏதாவது கல்யாணத்துக் குழுப்படம் ஒன்று, அவ்வளவுதான். ஆகவே பேரப்பிள்ளைகளின் கைக்கு ஹேண்டிகேம் வந்த காலத்தில் எடுக்கப்பட்ட கேசட்டுகளே அந்தக் குடும்பங்களுக்கு அசைகிற, பேசுகிற முதல் ஆவணம். பல வீடுகளில் அதுவே கடைசி ஆவணமாகவும் இருக்கிறது.

நான் மனத்தில் வைத்து எழுதுவது அப்படிப்பட்ட ஒரு கேசட்டை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டிஜிட்டல் கேசட்; உள்ளே கால் அங்குல அகலத்தில், விரலால் தொட்டால் தொட்டதே தெரியாத மெல்லிய நாடா. லைன் வீட்டு வாசற்படியில் ஒரு பாட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். திருப்பூரில் வேலையாயிருந்த பேரன் யாரிடமோ இரவல் வாங்கி வந்த கேமராவை இயக்கிக்கொண்டே, “அம்மாயி, கப்பல்ல வந்தத சொல்லு” என்று கேட்கிறான். அவர் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, வெளியே பார்த்து, மழை சற்றுத் தணிந்ததும் மறுபடி தொடங்குகிறார். தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாக விழுந்துகொண்டே இருக்கின்றன. பேச்சு நிற்கும்போதும் விரல்கள் நிற்பதில்லை. பாட்டி காலமான பிறகு பேரன் அந்தக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சென்று, “அண்ணே, குவாலிட்டி கொறையாமப் போட்டுக் குடுங்க” என்று கேட்டதும், “மூஞ்சி எல்லாம் தெளிவா வரும் தம்பி, கவலப்படாதீங்க” என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். முகம் தெளிவாகத்தான் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. ஒரே தட்டில் இரண்டு கேசட்டுகளை அடக்கித் தரும்படி வாடிக்கையாளர்களே கேட்கும் தொழிலில், அவர் தம் அனுபவம் கற்பித்தபடி செய்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பெரிய தீர்ப்பு அடங்கியிருக்கிறது என்பதை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். முகம் வந்தால் போதும் என்ற அந்தத் தீர்ப்பை அவர் மட்டும் வழங்கவில்லை. தட்டில் படத்தைச் சுருக்கும் கணிதமே அதைத்தான் வழங்குகிறது.

அந்தக் கணிதம் எளிமையாகச் சொன்னால் இப்படி. கேசட்டில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 25 மெகாபிட் பதிவாகிறது. விநாடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றும் பக்கத்துப் பிரேமை எதற்கும் நம்பாமல் தன் காலில் தானே நிற்கிறது. டிவிடிக்குப் போகும்போது படத்துக்கு அதிகபட்சமே விநாடிக்கு 9.8 மெகாபிட்தான், 4.7 ஜிபி கொள்ளும் சாதாரணத் தட்டில் இரண்டு மணி நேரத்தை அடக்கினால் அதிலும் பாதிதான் மிஞ்சும். எனவே எம்பெக்-2 என்ற முறை, ஏறத்தாழ பன்னிரண்டு பிரேமுக்கு ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு எந்தக் கட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு மாறியது என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. முகத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது: திரும்பினாலும் குனிந்தாலும் முகம் முகமாகவே நகர்கிறது, நகர்ந்த அளவைக் குறித்தால் போதும், மீண்டும் வரைய வேண்டியதில்லை. மழை அப்படி நகர்வதில்லை. இந்தப் பிரேமில் தெரிந்த தாரை அடுத்த பிரேமில் இல்லை. அங்கே தெரிவது வேறொன்று. எதையும் எதனோடும் பொருத்த முடியாத கணிதம் ஒவ்வொரு துளியையும் புதிதாக எழுத முயன்று, ரேஷனில் அளந்து கொடுத்த பங்கைப் போன்ற தன் பிட்டுகளை விநாடி முடியும் முன்பே தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கட்டங்களாக நிரப்பிவிடுகிறது. மூடுபனிக்கு நேர்வது இதற்கு நேர் எதிரானது. அதில் வெளிச்சத்தின் மாறுதல் அத்தனை நுட்பமானது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே வேற்றுமையே இல்லை என்று கணிதம் முடிவு கட்டி, பல படிகளை ஒரே படியாக்கி, பட்டை பட்டையாகத் தந்துவிடுகிறது. ஆக, தேவாலாவுக்கே உரிய மழையும் மூடுபனியும், ஒன்று மிகையாக மாறுவதாலும் மற்றது மாறுவது தெரியாமல் மாறுவதாலும், அந்தக் கணிதத்தின் பிடியிலிருந்து நழுவிப் போகின்றன. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த படம் இதே தட்டில் எந்தக் குறையும் இல்லாமல் வரக்கூடும்.

இந்தச் சுருக்க முறையை வடிவமைத்தவர்கள் மனிதக் கண்ணின் சுபாவத்தை அறிந்தவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. பரபரப்பான அசைவின் நடுவே நுணுக்கம் குறைந்தால் கண் கவனிக்காது. நிறத்தில் செய்யும் சிக்கனத்தை வெளிச்சத்தில் செய்யும் சிக்கனத்தைவிட அது எளிதில் பொறுத்துக்கொள்ளும். இவை சோதித்துக் கண்ட உண்மைகள். ஆயினும் அவர்கள் மனத்தில் இருந்தது ஒரு படத்தை ஒரு முறை பார்க்கிற கண் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டு வீடியோவை மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. இறந்தவர் இருக்கும் படத்தை முதல் தடவை போடும்போது கண் முகத்தை விட்டு அகலாது. திரும்பத் திரும்பப் பார்த்து, முகத்தின் ஒவ்வொரு அசைவும் மனப்பாடமான பிறகு, கண் மெல்ல மெல்லப் பின்னால் போகிறது. சுவரில் தொங்கும் காலண்டர், ஓரத்தில் பாதி மட்டும் தெரியும் பித்தளைக் குடம், கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கொழுந்துக் கூடை, அதற்கும் பின்னால் மலை. குடும்பம் மலையைவிட்டுக் கீழே இறங்கிப் போயிருந்தால் சொல்லவே வேண்டாம்; திருப்பூரிலோ சென்னையிலோ ஒற்றை அறையில் உட்கார்ந்து பார்க்கிற பேரன், பாட்டியைப் பார்த்த அதே ஏக்கத்தோடு சில ஆண்டுகள் கழித்து அந்த வாசலின் மழையையும் தேடுகிறான். அப்போதுதான் கட்டங்கள் அவன் கண்ணில் படுகின்றன. யார் எதைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்ற கணிப்பு, அவர்களுக்கு அது தேவைப்படாத காலத்திலேயே செய்து முடிக்கப்பட்டுவிடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் கேசட்டே ஒரு பிரதிதானே என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த நாடாவில் பதிவான படமும் கேமராவுக்குள்ளேயே ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டதுதான். நிறத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிக்கப்பட்டுவிட்டது. லென்ஸ் தன் பங்குக்குச் சிலவற்றை விழுங்கியது. மங்கிய வெளிச்சத்தில் கேமரா தானே உண்டாக்கிய புள்ளி நடுக்கமும் மழையோடு கலந்து கிடக்கிறது. அப்படியிருக்க, நான் கேசட்டில் கண்டதாகச் சொல்லும் மழை எவ்வளவு தூரம் மழை, எவ்வளவு தூரம் இயந்திரத்தின் இரைச்சல் என்று பிரித்துச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை. ஆனால் இந்த ஐயத்தை முன்வைத்து, எல்லாமே குறைந்ததுதான், இன்னும் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமரா செய்த குறைப்பு, அந்தக் கணத்தில் அங்கே நின்று செய்யப்பட்டது. அதற்கு மேல் ஒரு மூலம் நமக்குக் கிடைக்க வழியில்லை. பின்னால் வரும் குறைப்போ தவிர்க்கக்கூடியது. ஃபயர்வயர் என்ற கம்பியின் வழியாகக் கேமராவைக் கணினியோடு இணைத்து ஓடவிட்டால், நாடாவில் இருக்கும் எண்கள் அப்படியே கோப்பாக இறங்குகின்றன. நாடா பழுதின்றி இருக்கும் வரையில் மூலத்துக்கும் அந்தக் கோப்புக்கும் எள்ளளவும் வேற்றுமை கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. இந்தக் கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதிலிருந்து எத்தனை தட்டுகள் போட்டாலும், எவ்வளவு மோசமாகப் போட்டாலும், போனது எதுவும் நிரந்தரமாகப் போனதாகாது. தட்டுதான் வேண்டும் என்றால் ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றாமலிருப்பதும், ஒன்றுவிட்டு ஒன்றாக வரையப்படும் வரிகளின் வரிசை கேசட்டில் இருந்தபடியே தட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதும் போதும். அந்த வரிசை மாறினால் பக்கவாட்டில் நகரும் எதுவும் நடுங்கும். டிஜிட்டல் கேசட்டுக்கு முந்திய வீடியோ-8, ஹை-8 கேசட்டுகளுக்கு எண்களை அப்படியே இறக்கும் இந்தப் பாக்கியம் இல்லை, அவை அனலாக். ஆனாலும் டிஜிட்டல்-8 கேமராக்களில் பல அவற்றை ஓட்டி அதே கம்பியில் எண்களாக மாற்றித் தரவல்லவை. வீடியோ சிடி காலத்தில் மாற்றியவர்களின் நிலைதான் பரிதாபம்: அதில் படத்தின் அகலமும் உயரமும் பாதி பாதியாகி, விநாடிக்கு 1.15 மெகாபிட்டில் முகம்கூடக் கரைந்து போயிற்று.

சப்தத்தின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றித் தருகிறவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் உபகாரங்களில் ஒன்று இரைச்சலைக் குறைப்பது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தகரத்தின் மேல் விழும் மழை பின்வாங்கிக் குரல் முன்னே வருகிறது. கேட்பவர்கள் மகிழ்ச்சி அடைகிறார்கள். அந்தப் பாட்டியின் பேச்சையும் அப்படிச் சுத்தம் செய்த வடிவத்தில் கேட்டேன். மழை இல்லாத நிசப்தத்தில் அவர் காரணமே இல்லாமல் கத்திப் பேசுகிறார். வாக்கியத்தின் நடுவே காரணமே இல்லாமல் நிற்கிறார். முகத்தில் கோபம் இல்லை, குரலில் மட்டும் கோபம் இருப்பதுபோல் ஒலிக்கிறது. தலைமன்னாரில் அக்காளைப் பிரிந்த கதையைச் சொல்லும் இடத்தில் அந்த உரத்த குரல் ஒரு சண்டையைப் போல் கேட்கிறது. உண்மையில் அவர் கூரையோடு பேசிக்கொண்டிருந்தார்: அது ஓங்கினால் ஓங்கியும், அது விட்டால் தணிந்தும், அது முழுதாக மூடிக்கொண்டால் காத்திருந்தும். பருவமழைக் காலத்தில் இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். இங்கே வளர்ந்தவர்கள் ஆடி மாதத்தில் வெளியூர் போனால், என்ன இப்படிக் கத்துகிறாய் என்று பிறர் கேட்பார்கள். மழையை எடுத்துவிட்டால் அந்தக் குரலுக்கு அர்த்தம் சொல்ல ஒன்றும் இல்லை. குரலைக் காப்பாற்றுவதாக எண்ணிச் செய்த காரியம் அந்த மனுஷியின் சுபாவத்தையே மாற்றிக் காட்டிவிட்டது. இதைக் கேட்ட நாளிலிருந்துதான், படத்தின் பின்னணி என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒன்று உண்மையில் பின்னால் இருக்கிறதா என்ற சந்தேகம் எனக்குள் ஊன்றிவிட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு, கேசட்டை வைத்துக்கொண்டாலே போதும் என்று சொல்லவும் வழியில்லை. மழையைத் தாங்கி நிற்கும் அந்த நாடாவுக்கு மழைதான் சத்துரு. நாடாவின் காந்தப் படலத்தை ஈரம் மெல்லக் கெடுக்கிறது. சுருளின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழலும் உருளையின் மேல் அந்த நாடா ஓடும்போது ஒரு சிறு பூஞ்சைத் துணுக்குகூட உருளையில் உள்ள படிக்கும் தலையை அடைத்துப் படத்தை உடைத்துவிடும். ஆடி மாதத்தில் இங்கே கேமராவைப் பையிலிருந்து எடுத்தால், உள்ளே ஈரம் கட்டியிருக்கிறது என்ற நீர்த்துளிக் குறியைக் காட்டி, கேசட்டை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, மணிக்கணக்கில் உலர்ந்த பிறகே அது வேலை செய்யச் சம்மதிக்கும். நாடா தப்பினாலும் அதை ஓட்டும் இயந்திரம் தப்ப வேண்டும்: வீட்டு வீடியோ டெக்குகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது; கேமராக்களின் பெல்ட்டும் தலையும் இனிக் கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாவில் இருப்பவற்றை 2025-க்குள் மாற்றிவிடாவிட்டால் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்று 2015-லேயே எச்சரித்தது. யுனெஸ்கோவும் உலக ஒலி–ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019-இல் அதே எச்சரிக்கையை உலகமெங்கும் எழுப்பின.  லைன் வீட்டுப் பரண்மேல் பாலிதீன் பையில் கட்டிவைத்த நாடாவுக்கென்று தனியாக எந்தக் கெடுவும் குறிக்கப்படவில்லை. எழுதிய தட்டும் சிரஞ்சீவி அல்ல. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம், வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை வெளுக்கச் செய்கின்றன.

டான்டீ தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென்று 2022-இல் முடிவானதிலிருந்து, ஓய்வு பெற்ற தொழிலாளர் குடும்பங்களில் எத்தனை பேர் லைன் வீடுகளில் தொடர்ந்து இருக்க முடியும் என்ற கவலை இந்தப் பகுதி முழுவதும் பரவியிருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் பாத்திரத்தையும் பத்திரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். டிவிடி இருக்கிறதே என்ற தைரியத்தில் கேசட்டுகளைக் குப்பையில் போடுவார்கள். போட்டும் வருகிறார்கள். அவர்களிடம் என் விண்ணப்பம் சிறியது. தட்டு வந்துவிட்டது என்று கேசட்டை எறிந்துவிடாதீர்கள். மாற்றித் தருகிறவரிடம், தட்டோடு சேர்த்து, கேமராவிலிருந்து இறக்கிய முழுக் கோப்பையும், எதையும் சுத்தம் செய்யாமல், மழையின் சப்தத்தோடு கேட்டு வாங்குங்கள். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் எழுபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும், இரண்டு வாங்கி இரண்டு வீட்டில் வையுங்கள், ஒன்று மலைக்குக் கீழே இருக்கட்டும். ஓடும் நிலையில் ஒரு கேமரா அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால், அது கெடும் முன் எல்லா வீட்டுக் கேசட்டுகளையும் சேர்த்து ஓட்டிவிடுங்கள். மாசி பிறந்து காற்றில் ஈரம் குறைந்த பிறகு, சித்திரை முடிவதற்குள் அதைச் செய்யுங்கள். அதற்குப் பின் மழை வந்துவிடும்.